செம்பருத்தியின் வெண்படலம்: மொட்டைமாடிக் கரைசலியலுக்கு ஒரு முன்னுரை

மொட்டைமாடிச் செடிகளை இரசாயன நஞ்சின்றிக் காக்கும் பொருட்டு, வீட்டில் கிடைக்கும் ஏதேனும் ஒன்றை ஊறவைத்தோ, அரைத்தோ, புளிக்கவைத்தோ, வடிகட்டியோ பெறப்படும் வாடையுள்ள நீர்மம் 'கரைசல்' எனப்படும். அதைத் தயாரித்தல், தெளித்தல், தெளித்தபின் பக்கத்து வீட்டாருக்கு விளக்கமளித்தல் ஆகிய மூன்றையும் முறைப்பட ஆராயும் துறை கரைசலியல் ஆகும். இத்துறைக்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் இருக்கை இல்லை என்பது பெருங்குறையாகச் சொல்லப்படுகிறது. இருக்கை இல்லாததால்தான் இத்துறையினர் அவ்வப்போது எழுந்து செடியருகே போகிறார்கள் என்று கருதுவோரும் உளர்.

துறையின் அடிப்படைச் சொல்லான 'பூச்சி' என்பது, வீட்டுக்காரர் பறிக்க எண்ணியிருந்ததை அவருக்கு முன்பே உண்டுவிடும் உயிர் என்று வரையறுக்கப்படும். இவ்வரையறை நிலையானதன்று. கறிவேப்பிலைக் கொழுந்தை மொட்டையடிக்கும் பச்சைப்புழு காலையில் பூச்சி என்ற பெயரில் நசுக்கப்படுகிறது. அதற்குத் தப்பிய உடன்பிறப்பு சில வாரங்களில் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியாகிச் செடியைச் சுற்றும்போது அதே கைகளால் படம் பிடிக்கப்பட்டு உறவினர் அனைவருக்கும் அனுப்பப்படுகிறது. இளம் பருவத்தில் இப்புழு பறவையின் எச்சம் போலவே தோன்றுவதால், ஆய்வாளர் அதைத் தொடத் தயங்குகிறார்; அந்தத் தயக்கத்தில்தான் அது வளர்கிறது.

இனி வகைப்பாடு. சாம்பல்: அசுவினி, அதாவது கொழுந்தில் கூட்டமாக அமர்ந்து சாறு உறிஞ்சும் சிறு பூச்சி, அதன் மீது தூவப்படுவது, காற்றடித்தால் தூவியவர் மீது படியும். மஞ்சள் ஒட்டு அட்டை: வெள்ளை ஈ ஒட்டும், துப்பட்டாவும் ஒட்டும். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் அரைத்த கரைசல்: தெளித்த கையால் கண்ணைத் தொடக்கூடாது என்பதைத் தவிர இதுபற்றி உரைகாரரிடையே கருத்து வேறுபாடு இல்லை. தேமோர்க் கரைசல்: தேங்காய்ப்பாலும் மோரும் சேர்ந்து புளித்தது, செடி வளர்ச்சிக்கும் பூப்பதற்கும் உரியதாகையால் இங்கு விலக்கப்படுகிறது. மீன் அமிலம்: மீன் கழிவையும் வெல்லத்தையும் சம எடையில் மூடிவைத்துப் பெறுவது, இதுவும் வளர்ச்சியூக்கியே எனினும், இதைப் பற்றித் தெருப்பூனைகள் கொண்டுள்ள கருத்து தனி நூலாக வெளிவரத் தக்கது.

வேப்பெண்ணெய் இத்துறையின் முதற்பொருள். அதிலுள்ள அசாடிராக்டின் என்னும் பொருள், பூச்சியை விழுந்த இடத்திலேயே கொல்வதைவிட, அதன் பசியைக் கெடுத்துத் தோலுரிப்பையும் வளர்ச்சியையும் குலைக்கும் தன்மையது. ஆகவே தெளித்த மறுநாளே பிணங்களை எண்ணப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புகிறார்கள். பூஞ்சைக் கொல்லியாக வேப்பெண்ணெயைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்க வேளாண்துறையும் கிரேஸ் நிறுவனமும் 1994-இல் பெற்ற ஐரோப்பியக் காப்புரிமை 2000-இல் நீக்கப்பட்டு, மேல்முறையீடும் 2005-இல் தள்ளுபடியானது வரலாறு. அதன்பின் வேம்பு யாருக்கும் தனியுடைமையன்று என்பது முடிந்த முடிபாயினும், கரைசலின் அளவு தமக்கு மட்டுமே தெரியும் என்னும் உரிமைக் கோரிக்கை ஒவ்வொரு மாடியிலும் இன்றும் நிலுவையில் உள்ளது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் என்பது பொதுவாக வழங்கும் அளவு. எண்ணெய் நீரில் கலவாதாகையால் அத்துடன் சிறிது சோப்புக் கரைசல் சேர்க்கப்படும்.

இந்தச் 'சிறிது' என்னும் இடத்தில்தான் உரைகாரர்கள் பிரிகிறார்கள். ஒட்டும் திரவம் ஒரு மில்லி போதும் என்பது மூன்றாம் மாடி உரை. குளியலறையில் எஞ்சிய சோப்புத் துண்டே போதும் என்பது அதற்குக் கீழ்வீட்டார் எழுதிய மறுப்புரை. இரண்டையும் சமன்செய்ய முனைந்த எதிர்வீட்டு அரும்பதவுரை, பாத்திரம் துலக்கும் திரவத்தில் எலுமிச்சை மணமுள்ளது ஏற்புடைத்து, ஏனையது இழுக்கு என்கிறது. மளிகை ரசீதின் பின்புறத்தில் பென்சிலால் எழுதப்பட்டு, பருப்பு டப்பாவினடியில் பேணப்பட்டுவரும் கைப்பிரதி ஒன்றோ 'நுரை வரும்வரை' என்று மட்டும் கூறி, எண்ணெய்க் கறையில் முடிகிறது. இக்கைப்பிரதியின் காலத்தை அதன் முன்பக்கத்தில் உள்ள துவரம்பருப்பு விலையைக் கொண்டு கணித்த ஆய்வேடு, சோப்பைப் பற்றி ஒன்றும் கூறாமலே இருநூறு பக்கத்தைக் கடந்து பட்டம் பெற்றது என்ப. சோப்பு மிகுந்தால் இலை கருகும் என்பதும், அசாடிராக்டின் வெயிலில் சிதைவதால் மாலையில் தெளிப்பதே தக்கது என்பதும் மேற்கண்ட ஏடுகள் எதிலும் காணப்படவில்லை. தெளிப்பவர்கள் இவற்றை எப்படியோ அறிந்திருக்கிறார்கள்.

கரைசலியலின் ஆகப்பெரிய சிக்கல் செம்பருத்தியில் உள்ளது. செம்பருத்தியின் நுனிக் கொழுந்திலும் மொட்டின் காம்பிலும் பஞ்சு ஒட்டியது போல் காணப்படும் வெண்படலம் மாவுப்பூச்சி எனப்படும். அது உடல்மேல் மெழுகுப் பொடியைப் போர்த்திக்கொண்டு அசையாமல் சாறு உறிஞ்சும். மெழுகின்மேல் நீர் நில்லாதாகையால் மேற்சொன்ன கரைசல்களில் பல வழிந்தோடித் தரையை மட்டும் தூய்மைப்படுத்தும். மெழுகு படியாத இளங்குஞ்சுகள் மீதே தெளிப்பு நன்கு பலிக்கும். பழைய பல்பிரஷ்ஷால் துலக்கிவிட்டுத் தண்ணீரைப் பீய்ச்சுவது இதனினும் பயன் தருவது. ஆனால் அதற்குப் பெயரில்லை, ஊறவைக்கும் காலமில்லை, வாடையில்லை, ஆகவே அறிஞர் சபையில் அதற்கு இடமுமில்லை.

வெண்மையானவை அனைத்தும் மாவுப்பூச்சி என்று கொள்வதால் நேரும் விபத்தே இங்கு விரிவாக நோக்கத்தக்கது. மாவுப்பூச்சியை உண்ணும் கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டு 1898-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்கு வரவழைக்கப்பட்டது. அவ்வண்டின் புழு, தான் உண்ணும் மாவுப்பூச்சியைப் போலவே வெள்ளை மெழுகிழைகளை உடலெங்கும் தரித்திருக்கும். காவலரும் கள்வரும் ஒரே சீருடையில் இருக்கும் இந்நிலையில், பல்பிரஷ்ஷுடன் மாடியேறும் வீட்டுக்காரர் கண்ணுக்கு முதலில் படுவது காவலரே; ஏனெனில் அது உருவில் பெரியது, விரைந்து ஓடுவது. பெரிய மாவுப்பூச்சி அகப்பட்டது என்ற மகிழ்ச்சியில் அது முதலில் துலக்கப்படுகிறது.

இதுபற்றிய விவாதம் நீண்டது. ஓடுவது வண்டுப் புழு, ஒட்டிக் கிடப்பது மாவுப்பூச்சி என்று தண்ணீர்த்தொட்டியோரப் பள்ளியினர் கூறுவர். ஓடுவதும் ஒட்டுவதும் பார்ப்பவரின் மூக்குக்கண்ணாடியைப் பொறுத்தது என்பது துணிக்கொடிப் பள்ளியின் வாதம். குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில், காலை வணக்கப் படத்துக்கும் தங்க விலைக்கும் இடையே, தொடக்கத்தில் குக்கர் விசிலாலும் முடிவில் நாய்க்குரைப்பாலும் சிதைந்த நிலையில் கிடைத்துள்ள ஒலிக்குறிப்பு ஒன்று, இரண்டையும் ஓர் இலையோடு கிள்ளி வெள்ளைத் தாளில் வைத்துச் சிறிது நேரம் பார்த்தால் தெரிந்துவிடும் என்கிறது. இதற்கு எழுந்த மறுப்புகள் ஏழு வகையாகத் தொகுக்கப்பட்டு, அத்தொகுப்புக்கு மூவர் அணிந்துரை வழங்கி, நால்வர் அவ்வணிந்துரைகளை மேற்கோள் காட்டியுள்ளனர். தாளில் வைத்துப் பார்த்தவர் எவர் என்ற செய்தி மட்டும் கிடைக்கவில்லை.

எறும்பு இவ்விவாதத்தில் கலந்துகொள்ளவில்லை. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீரை உண்ணும் பொருட்டு, அதன் பகைவர்களை விரட்டிக் காப்பது எறும்பின் தொழில். அவ்வினிப்பு நீர் இலையில் படிந்தால் அதன்மேல் கரும்பூஞ்சை படரும். செடித்தண்டில் எறும்பு வரிசையாக ஏறுகிறதெனில் மேலே மாவுப்பூச்சியோ அசுவினியோ இருக்கக்கூடும் என்பது எந்த ஆய்வேட்டையும் விட விரைவாகக் கிடைக்கும் சான்று.

இத்தகைய அறிவுப் போர்களுக்கிடையே 2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி என்னும் அயல்நாட்டு இனம் கண்டறியப்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று வேறுபாடு பாராமல் அது பரவியது. 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்னும் ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவரப்பட்டு, வேளாண் ஆராய்ச்சி நிலையங்களில் பெருக்கி வயல்களில் விடப்பட்டது. ஒரு மில்லிமீட்டரும் இல்லாத அக்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட, உள்ளிருந்தே தின்று வளர்ந்த அதன் புழுக்களால் பூச்சியின் ஆதிக்கம் சரிந்தது. அக்குளவி எந்த உரையையும் படித்ததில்லை, அணிந்துரையும் பெற்றதில்லை.

இக்கட்டுரைக்கு மறுப்பு எழுத விரும்புவோர் தாராளமாக எழுதலாம். அதற்குமுன் மாடிக்குச் சென்று, மாவுப்பூச்சி மண்டிய கிளை நுனிகளை வெட்டி, பக்கத்துத் தொட்டியிலோ உரக்குழியிலோ எறியாமல், ஒரு பையில் போட்டுக் கட்டி அப்புறப்படுத்துமாறும், வெட்டியதில் ஓடுவது ஏதேனும் இருந்தால் அதை மட்டும் திரும்பச் செடியில் விட்டுவிடுமாறும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.