பயனாளி இலக்கம் 17

என் விசிற்றிங் காட்டில் மூன்று வரி. முதல் வரி பெயர். மற்ற இரண்டையும் 'கலைத் தலைமைத்துவமும் சமூகப் பங்கேற்பும்' என்ற பதவியே பிடித்துக்கொண்டது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப, கூத்துப் பழக்கிற வேலையோ?" என்றார்.

நான் சிறுவனாக இருந்தபோது கிளிவெட்டியில் அந்த வேலையை ஓர் அண்ணாவியார் செய்தார். காட் இல்லை, மத்தளம் இருந்தது. சட்டங் கொடுக்கிற அன்று வெற்றிலையில் காசு வைத்துக் கொடுத்து, காலைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் நம் பாத்திரத்தை வாங்கவேண்டும். பிறகு மாதக்கணக்கில் இரவுப் பழக்கம். சூடடித்த களைப்பில் எவனாவது தூங்கி விழுந்தால் மத்தளத்தில் ஓர் அடி விழும், சிலவேளை முதுகிலும். சுற்றியிருந்து வெற்றிலை மெல்லும் கிழவிகள் தாளம் பிசகினால் விடமாட்டார்கள்.

எனக்கு மூன்றாம் சேவகன் வேடம். பாட்டு ஒன்றரை வரி. அரங்கேற்றத்தன்று அந்த அரை வரி மறந்துபோனது. களரியைச் சுற்றியிருந்த சனமே அதை எடுத்துப் பாடி என்னை உள்ளே அனுப்பிவைத்தது. இன்றென்றால் நான் அதற்கு 'பார்வையாளர் ஊடாட்டம்: மிகச் சிறப்பு' என்று அறிக்கை எழுதுவேன்.

பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்' போட்டபோது, விடிய விடிய ஆடுகிற கூத்தைச் சுருக்கி, வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்கு ஏற்றினார். அதற்கே கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. நான் இருபது நிமிடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். ஒருவரும் முணுமுணுக்கவில்லை, தேநீர் இடைவேளை நெருங்கியிருந்தது.

இடையில், போரால் விடியும்வரை வெளியில் இருக்கிற இரவுகள் ஊரைவிட்டே போயிருந்தன. 1996 பெப்ரவரியில் பக்கத்துக் குமாரபுரத்தில் நடந்த படுகொலையை இந்தத் தொனியில் எழுத எனக்கு வராது.

2006இல் சம்பூர்ப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்தது. பிறகு கிளிவெட்டியில் முகாம் எழுந்தது. என் உத்தியோகமும் அங்கேதான் முளைத்தது: கை கழுவ ஒரு வீதி நாடகம், கண்ணிவெடிக்கு ஒன்று. வீடு வாசல் இழந்து தறப்பாளுக்குக் கீழே இருந்தவர்களிடம் 'பங்கேற்பு' கேட்டேன். வேறு போக்கிடம் இல்லாததால் அமோகமாகப் பங்கேற்றார்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள். துறையில் பாதைக்குக் காத்துக் கிடந்த காலம் போய், திருகோணமலையிலிருந்து வருகிற அதிகாரிகள் படம் எடுத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

போன வருடம் இரண்டு நாள் கூத்துப் பட்டறை வைத்தோம். பதாகை மேடையைவிடப் பெரிது. அண்ணாவியாரை வளவாளராகப் போட ஆசைப்பட்டேன். அதற்குச் சான்றிதழ் வேண்டுமாம். ஆகவே பயனாளிப் பட்டியலில் பதினேழாவதாகக் கையெழுத்து வைத்தார். தொழில் என்ற இடத்தில், தானாகவே 'விவசாயம்' என்று எழுதினார். அவருக்கு வடமோடியின் அடிப்படைகளை விளக்கியது நான்தான், பவர்பொயின்ற்றில். தலையாட்டிக் கேட்டார்.

முடிவில் போக்குவரத்துப்படியை உறையில் போட்டு நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கினார். உறையைத் திறந்து பார்த்தார், கவிழ்த்துத் தட்டியும் பார்த்தார்.

"மருமகன், வெத்திலை வைக்க மறந்திட்டியோ?"