போதும் என்று சொல்லத் தெரியாத செடி

கேள்வி: தினமும் தண்ணீர் ஊற்றியும் என் மணிபிளான்ட் மஞ்சளாகி வாடுகிறதே? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: விருந்தாளியாவது போதுமென்றால் இலையை மடித்துவிடுவார், செடிக்கு இலையை மஞ்சளாக்கத்தான் தெரியும். மண் ஈரமாக இருந்தும் கொடி துவண்டால், வேர் அழுகலைச் சந்தேகியுங்கள். சதா ஊறிய மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்காது, பூஞ்சை குடியேறும்.

தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். நல்ல வேர் வெளிறி, விறைப்பாக இருக்கும். அழுகியது பழுப்பேறிக் கொழகொழக்கும். இழுத்தால் மேல்தோல் மட்டும் உருவிக்கொண்டு வரும், நாற்றத்தோடு. அதையெல்லாம் சுத்தமான கத்தரியால் வெட்டிவிட்டு, மணல் கலந்த புது மண்ணில் நடுங்கள். தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதா? கடையில் அழகு பார்த்து வாங்கும் பலர் அதைப் பார்ப்பதில்லை. இனி மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர்.

வேர் மொத்தமும் போய்விட்டதா? கணுவுள்ள நல்ல தண்டாக ஒன்றை வெட்டித் தண்ணீர் பாட்டிலில் போடுங்கள், வேர்விடும். தண்ணீரால் செத்தது தண்ணீரிலேயே பிழைக்குமா என்று அடுத்த கடிதம் வேண்டாம், பிழைக்கும்.