பைபாஸ் ஏறினதும் போட்டுக்கலாம்

மதுரையில் கார் வைத்திருப்பவர்களுக்கு சீட் பெல்ட் என்பது பாஸ்போர்ட் மாதிரி. எல்லை தாண்டினால்தான் எடுப்பார்கள். கோரிப்பாளையம், சிம்மக்கல், பெரியார் பஸ் ஸ்டாண்ட் எல்லாம் உள்நாடு. ரிங் ரோட்டைத் தொட்டபிறகுதான் வெளிநாடு. நடுவில் ஒரே விதிவிலக்கு, சிக்னலில் நிற்கும் போலீஸ்காரர். அவர் தலை தெரிந்ததும் பெல்ட்டை இழுத்து, மாட்டாமல், நெஞ்சுக்குக் குறுக்கே கையாலேயே பிடித்துக்கொண்டு யோக்கியமாக முன்னால் பார்ப்பார்கள். தாண்டியதும் விட்டுவிடுவார்கள். 2019 சட்டத் திருத்தம் அபராதத்தை 1,000 ரூபாயாக உயர்த்தியதில் இந்த நடிப்பின் தரம்தான் உயர்ந்தது.

இந்தக் கலையில் என் மாமா கரை கண்டவர். ஒரு கல்யாணத்துக்கு அவரையும் அத்தையையும் காரில் கூட்டிப் போனேன். முன் சீட்டில் மாமா, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல் உட்கார்ந்திருந்தார்.

“பெல்ட் மாமா?”

“டவுனுக்குள்ள முப்பதைத் தாண்டுவியா மாப்ளே? இதுக்கு எதுக்கு பெல்ட்டு? சட்டை கசங்கும்.”

முப்பதில் போய் எதிலாவது மோதினால், மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது தரையைத் தொடும் வேகம்தான் அது. கிட்டத்தட்ட ஒரு மாடி உயரம் என்று விளக்கினேன்.

“கல்யாணத்துக்குப் போற வழியில நான் எதுக்கு மொட்டைமாடில இருந்து குதிக்கப் போறேன்?” என்றார்.

நாம் முப்பதில் போகலாம். எதிரே வருகிற மினி பஸ் நம் ஸ்பீடோமீட்டரைப் பார்த்துவிட்டா வருகிறது என்று கேட்டேன். அது கொஞ்சம் உறைத்தது. பெல்ட்டை வெடுக்கென்று இழுத்தார். பாதியில் நின்றுவிட்டது. இன்னும் வேகமாக இழுத்தார். ம்ஹூம்.

“பாரு, பெல்ட்டுக்கே இஷ்டமில்ல.”

வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்வதுதான் அதன் வேலை. மெதுவாக இழுத்தால் வரும். வண்டி திடீரென நின்று நம் உடம்பு முன்னால் பாயும்போதும் அதே பூட்டுதான் நம்மைப் பிடித்து நிறுத்துகிறது. தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் இன்றைய பெல்ட்டை 1959-ல் வோல்வோ கம்பெனிக்காக வடிவமைத்தவர் நீல்ஸ் போலின் என்ற ஸ்வீடன்காரர். அதற்கு முன்பு அவர் செய்துகொண்டிருந்தது, ஆபத்தில் விமானியைச் சீட்டோடு வெளியே தூக்கி எறியும் ஏற்பாடு. ஆளைத் தூக்கி எறியத் தெரிந்தவருக்குத்தான் ஆளை எப்படிப் பிடித்து வைப்பது என்பதும் தெரிந்திருக்கிறது.

மாமா சட்டத்துக்குத் தாவினார். “மெதுவா போறவனுக்கு சலுகை இருக்குமே?” நம் மோட்டார் வாகன விதியில் வேகக் கணக்கே கிடையாது, வண்டி நகர்ந்தால் பெல்ட், அவ்வளவுதான். பிரிட்டனில் என்றால் டிரைவர் ரிவர்ஸ் எடுக்கும்போது போடவேண்டாம். சரக்கு டெலிவரி வண்டிக்கு ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 50 மீட்டருக்கு மேல் இல்லையென்றாலும் வேண்டாம்.

மாமா முகம் மலர்ந்தது. “நாமளும் அம்பது மீட்டருக்கு ஒருதரம் நின்னுதான போறோம்? மொய்க் கவரை டெலிவரி பண்ணத்தான போறோம்?”

இதற்குள் கார் ‘டிங் டிங்’ என்று கத்த ஆரம்பித்திருந்தது. 2019 ஜூலை முதல் தயாரான கார்களில் முன் சீட்டுகள் இரண்டுக்கும் இந்த மணி கட்டாயம். மணியின் வாயை அடைக்க ஒரு கிளிப் கிடைக்குமாமே என்று மாமா விசாரித்தார். கிடைத்துக்கொண்டுதான் இருந்தது, 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு அதை நீக்கச் சொல்லி உத்தரவு போட்டது. உயிரைக் காப்பாற்றச் சொல்லிக் கத்தும் ஒரு பொருளை, காசு கொடுத்து இன்னொரு பொருள் வாங்கி அடக்கும் சாமர்த்தியத்துக்கு முன் போலின் எம்மாத்திரம்!

கடைசியில், இளையராஜா பாட்டுக்கு நடுவில் டிங் டிங் கேட்பதைத் தாங்க முடியாமல்தான் மாமா பெல்ட்டை மாட்டினார். அறிவியலும் சட்டமும் தோற்ற இடத்தில் தாளம் தப்பியது ஜெயித்தது.

அத்தை பின் சீட்டில், மாமாவுக்கு நேர் பின்னால் இருந்தார். பின் சீட்டிலும் போடவேண்டும்; போடாவிட்டால், மோதும்போது பின்னால் இருப்பவர் முன் சீட்டில்தான் வந்து இடிப்பார், முன்னால் இருப்பவருக்கும் சேர்த்து ஆபத்து என்றேன்.

மாமா சடாரென்று திரும்பினார். “ஏய், மொதல்ல பெல்ட்ட மாட்டு!”

அத்தை சீட் கவருக்கு அடியில் புதைந்திருந்த பக்கிளை நிதானமாகத் தோண்டி எடுத்துக்கொண்டே சொன்னார்: “முப்பது வருஷமா என்னைத் தாங்குறதா ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தீங்களே. ஒருதரம் தாங்கிப் பார்க்கலாம்ல?”