மிச்சக்கணக்கு மாமா

எங்கள் தெருவில் யார் வீட்டு ஸ்கூட்டரில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று வண்டிக்காரருக்குத் தெரியுமோ தெரியாதோ, மிச்சக்கணக்கு மாமாவுக்குத் தெரியும். வண்டியை இரண்டு ஆட்டு ஆட்டி, டேங்கில் காதை வைத்துவிட்டு, "கால் டேங்க்தான் சார், பைபாஸைத் தாண்டாது" என்பார்.

அரசாங்க ஆபீஸில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். தீர்ந்துபோனதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. மிச்சம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. அதையும் பழைய வாய்பாட்டில்தான் சொல்வார். "முக்காலே மூணு வீசம் போயாச்சு, வீசம் பாக்கி" என்றால் பதினாறில் ஒரு பங்கு இருக்கிறதென்று நாம் புரிந்துகொள்ள வேண்டும். பற்பசை ட்யூபுக்கும் இதே மரியாதை உண்டு.

சமையலறை சிலிண்டர்தான் அவருடைய ஆய்வுக்கூடம். ஈரத்துணியால் அதன்மேல் ஒரு இழுப்பு இழுப்பார். காஸ் திரவமாக நிற்கிற மட்டம் வரைக்கும் ஈரம் மெதுவாகக் காயும். அதற்கு மேலே சட்டென்று உலர்ந்துவிடும். அந்த இடத்தில் சாக்பீஸ் கோடு, பக்கத்தில் தேதி. அடுப்புச் சுடரைப் பார்த்து மிச்சம் சொல்பவர்களைக் கண்டால் அவருக்கு இளப்பம். "உள்ளே திரவம் கொஞ்சம் இருந்தாலும் அழுத்தம் அப்படியேதான் இருக்கும். சுடர் கடைசிவரைக்கும் காட்டிக்கொடுக்காது" என்பார். அது உண்மையும்கூட. மாமா சொல்வது எல்லாமே தப்பு என்றால் நாங்கள் எப்போதோ தப்பித்திருப்போம்.

பொங்கல் சமயத்தில்தான் சறுக்கியது. 14.2 கிலோ காஸில் பாதி ஆகிவிட்டதென்று கோடு சொன்னது. பண்டிகைப் பலகாரத்தில் மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு போனது. மாமா விரலை மடக்கினார். பாதியும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஆறில் ஐந்து. பாக்கி ஆறில் ஒன்று, 2.37 கிலோ. பதறிப்போய் அன்றைக்கே புக் பண்ணிவிட்டார். மூன்றில் ஒன்று போனது முழுச் சிலிண்டரிலிருந்து இல்லை, மிஞ்சிய 7.1 கிலோவிலிருந்துதான் என்பது அந்தப் பதற்றத்தில் எடுபடவில்லை. உள்ளே 4.73 கிலோ இருந்தது.

சிலிண்டர் போடுகிற தம்பி வாசலில் இறக்கிவைத்துவிட்டு, "காலி எடுங்க சார்" என்றான். காலி ஏது? ஒற்றைச் சிலிண்டர் வீடு.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே, இன்னும் பத்து நாளைக்கு வரும்னு" என்றார் மாமி.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"விளிம்பைப் பிடிச்சுச் சாய்ச்சுப் பார்த்தேங்க."

ஒரு சிலிண்டர் சரியாக முப்பது நாள் ஓடுகிற வீடு அது. பாதியில் மூன்றில் ஒன்று போனால் மிஞ்சுவது முழுசில் மூன்றில் ஒன்று. அதாவது பத்து நாள். பேப்பரும் பேனாவும் இல்லாமல் வந்த விடை!

இனிப்புக் கணக்கில் மட்டும் மாமாவுக்குப் பிசகே வராது. அரைக் கிலோ மைசூர்பாகு வந்தது. அதில் கால் பங்கு பக்கத்து வீட்டுக்கு, மீதியில் மூன்றில் ஒன்று பேரனுக்கு. இரண்டு பங்கும் 125 கிராம்தான் என்று வந்தவர் போனவரையெல்லாம் உட்காரவைத்து விளக்கினார். மிச்சம் 250 கிராம். மாமி தராசில் வைத்தபோது 150 இருந்தது. "எறும்பு" என்றார் மாமா. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிற மனுஷர் அதற்குமேல் என்ன சொல்லுவார்?

உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். பெட்ரோலுக்கு அவரைத் தாராளமாகக் கேளுங்கள். சிலிண்டர் எப்போது புக் பண்ணலாம் என்பதை மட்டும் அவர் வீட்டு மாமியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.