பனிக்கு மூன்று சாமி, சூட்டுக்கு ஒரு தாய்

கேள்வி: ஐரோப்பாவில் மே நடுவில் 'பனிப் புனிதர்கள்' நாள்கள் கழியும் வரை தக்காளி நாற்று நடமாட்டார்களாமே! மட்டக்களப்பில் அப்படிக் கெடு உண்டா?

பதில்: வாவிக்கரையில் உறைபனிக்கு என்ன வேலை? அதைப் பார்க்க ஜனவரியில் நுவரெலியாவுக்கு ஏற வேண்டும். அவர்கள் குளிர் தொலைய நாள் பார்த்து முடித்ததும் பிறக்கும் வைகாசியில், நாங்கள் குளிர்ச்சி கேட்டு நாள் பார்க்கிறோம். கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறந்து சடங்கு நடக்கும்; நிறைவு நாளில் குளிர்த்தி. மதுரையை எரித்தவளின் கோபம் தணியப் பாடி, நீர் தெளிப்பார்கள். அம்மன் குளிர்ந்தால் மழை வரும், அம்மை நோய் அண்டாது என்பது நம்பிக்கை. கச்சான் காற்று மட்டும் யார் பாட்டுக்கும் மசியாது, அனலாக வீசும். பெருமழைக்கு ஐப்பசி வர வேண்டும். அதுவரை, அம்மனைக் குளிர்வித்த கையோடு வாசல் வேம்புக்கும் ஒரு குடம் ஊற்றுங்கள்!