200 ரூபாய் அபராதம் கட்டியவரின் நன்றிக் கடிதம்

பெறுநர்: ஒன்றிய அரசு, புது தில்லி. (நிதி, சுகாதாரம், வணிகம், வேளாண்மை, தொழிலாளர் நலம் ஆகிய அமைச்சகங்களில் எது முதலில் பிரிக்கிறதோ அது படித்துவிட்டு மற்றவற்றுக்குச் சுற்றுக்கு விடவும்.)

பொருள்: அபராதம் செலுத்தியது – நன்றி தெரிவித்தல் – சில ஐயங்கள் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

மனுதாரர் புகைப்பிடிப்பவர். தென் மாவட்டத்துப் பேருந்து நிலையம் ஒன்றில் தம் அடித்ததற்காக 200 ரூபாய் அபராதம் கட்டி, ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டவர். வருத்தம் ஏதுமில்லை. அன்புமணி ராமதாஸ் சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008ஆம் ஆண்டு காந்தி ஜெயந்தி அன்று, பொது இடங்களில் புகைக்க நாடு முழுவதும் தடை வந்தது அவருக்குத் தெரியாததல்ல. பக்கத்தில் நின்ற பெண்ணும் இடுப்பிலிருந்த குழந்தையும் இவர் விட்ட புகையை ஏன் இழுக்க வேண்டும்? நியாயம்தான். அவருக்குப் புரியாமல் போனது வேறொன்று. பிடிபட்ட இடத்திலிருந்து பத்தடி தள்ளி, அதே பேருந்து நிலையக் கடையில்தான் அந்தச் சிகரெட்டை வாங்கினார். விற்றது குற்றமில்லை. வாங்கியதும் குற்றமில்லை. பற்றவைத்த நொடியில்தான் அவர் சட்டத்தின் பிடிக்குள் வந்தார்.

ஆனாலும் குறை சொல்ல அவர் வரவில்லை. தன் ஒருவனுக்காக அரசு எத்தனை பேரை வேலைக்கு வைத்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்து நெகிழ்ந்துபோயிருக்கிறார். அவர் இழுக்கும் இலை செழிப்பாக விளைய வேண்டும் என்று 1947லேயே ராஜமுந்திரியில் மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். வேடசந்தூரில் அதற்கு ஒரு கிளையும் வந்தது. விளைந்ததை ஏலம் விடவும் ஏற்றுமதியை வளர்க்கவும், 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குண்டூரில் புகையிலை வாரியம் இருக்கிறது. அது வணிக அமைச்சகத்தின் பொறுப்பு. பீடி சுற்றும் கைகளுக்குத் தொழிலாளர் நல அமைச்சகம். விற்றதில் பங்கு வாங்க நிதி அமைச்சகம். இத்தனை பேரும் பாடுபட்டு உதடு வரை கொண்டுவந்து சேர்த்த பிறகு, 'பிடிக்காதே, செத்துப்போவாய்' என்று தடுக்க சுகாதார அமைச்சகம். விட்டுவிட நினைத்தால் கூப்பிட வேண்டிய இலவச எண்ணைக்கூடப் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்ட ஓர் ஆள் போதும் என்பார்கள். இங்கே ஐந்து அமைச்சகங்கள் முறைவைத்துச் செய்கின்றன.

வரி வருமானத்தை எந்த அரசு விடும், அதனால்தான் விற்க விடுகிறார்கள் என்று டீக்கடையில் சொல்கிறார்கள். மனுதாரரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார், கணக்கைப் பார்க்கும்வரை. புகையிலை தரும் நோய்களாலும் அகால மரணங்களாலும் 2017–18இல் நாட்டுக்கு ஏற்பட்ட பொருளாதார இழப்பு 1,77,341 கோடி ரூபாய் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். புகையிலையிலிருந்து வந்த கலால் வரி இதில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. ஆண்டுக்கு 13 லட்சம் பேருக்கு மேல் சாகிறார்கள். எந்த மளிகைக் கடைக்காரரும் இப்படி ஒரு நஷ்ட வியாபாரத்தை நடத்தமாட்டார். அரசு நடத்துவதற்குக் காரணம், வரவும் செலவும் ஒரே கல்லாவில் இல்லை என்பதுதான். வரி மாதம் தவறாமல் தில்லிக்குப் போய்ச் சேர்கிறது. இழப்போ இருபது முப்பது ஆண்டுகள் கழித்து, அடகுக் கடையிலும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் வராந்தாவிலும் குடும்பம் குடும்பமாகக் கழிகிறது. அதை முழுதாகத் தன் செலவென்று எழுதிக்கொள்ள எந்த அமைச்சகமும் முன்வருவதில்லை.

அரசுக்குத் தடை போடக் கை வராது என்றும் சொல்லிவிட முடியாது. 2019 செப்டம்பர் 18 அன்று மின் சிகரெட்டுக்கு அமைச்சரவை மொத்தமாகத் தடை விதித்தது. உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எதுவும் கூடாது. முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். இளைஞர்களைக் காப்பதற்காக என்றார்கள். அதைச் செய்தியாளர்களிடம் அறிவித்தவர் நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன் என்பதில் மனுதாரருக்குத் தனி மகிழ்ச்சி. அன்றைக்கே பங்குச் சந்தையில் சிகரெட் நிறுவனங்களின் விலை ஏறியது. பயிரிடும் விவசாயி, சுற்றும் தொழிலாளி, கட்டிப் பழகிய வரி என்று பின்னால் யாரும் இல்லாத பொருளை ஒரே பிற்பகலில் ஒழித்துவிடலாம் என்பது அன்று தெளிவானது.

சிகரெட்டுக்கும் அதே தடை வேண்டும் என்று மனுதாரர் கேட்கவில்லை. பூட்டான் 2004இல் புகையிலை விற்பனைக்குத் தடை போட்டது. சரக்கு இந்திய எல்லை வழியாகக் கடத்தலில் போய்க்கொண்டேயிருந்தது. கொரோனா வந்தபோது, கடத்துகிறவர்களோடு தொற்றும் உள்ளே வரும் என்று பயந்து 2020இல் தடையைத் தளர்த்தி, மறு ஆண்டு சட்டத்தையே திருத்தினார்கள். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். தமிழ்நாட்டில் 2013இல் குட்கா தடைசெய்யப்பட்டது. 2017 ஜூலையில் தி.மு.க. உறுப்பினர்கள் குட்கா பொட்டலங்களைச் சட்டமன்றத்துக்குள் கொண்டுவந்து, 'கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது பாருங்கள்' என்று தூக்கிக் காட்டினார்கள். விளைவு, கொண்டுவந்தவர்கள் மீதே உரிமை மீறல் நோட்டீஸ். தடைசெய்த பொருள் தெருவில் கிடைக்கலாம், அவைக்குள் வரக் கூடாது என்று ஊர் புரிந்துகொண்டது.

பீடி விஷயத்துக்கு வருவோம். 2025 செப்டம்பரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் சிகரெட்டை 40 சதவீதப் பட்டியலில் ஏற்ற முடிவு செய்தது. அதே கூட்டத்தில் பீடியை 28 சதவீதத்திலிருந்து 18க்கும், பீடி இலையை 18இலிருந்து 5க்கும் இறக்கினார்கள். பீடிப் புகை சாதுவானது என்று எந்த மருத்துவரும் சொல்லி மனுதாரர் கேட்டதில்லை. நாட்டில் ஏறத்தாழ 50 லட்சம் பேர் பீடித் தொழிலில் இருக்கிறார்கள், அதுதான் காரணம் என்றால், அவருக்கு அவர்களைத் தெரியும். முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் வாசல் திண்ணையில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஊறவைத்த இலையை அளவுத் தகட்டை வைத்துக் கத்தரித்து, தூளைப் போட்டுச் சுருட்டி, நூலால் கட்டும் பெண்கள். ஆயிரம் பீடிக்குத்தான் கூலி. கம்பெனியில் கழித்துப் போட்டதற்குக் கூலி கிடையாது. மருந்துக் கடைக்காரர் தரும் மாத்திரையும் தைலமும்தான் அவர்களுடைய முதுகு வலிக்கு. வரியைக் குறைத்தால் இழுப்பவருக்குக் கட்டு மலிவாகிறது. சுற்றுகிறவருக்குக் கூலி எப்படி ஏறும் என்பது மனுதாரருக்குப் பிடிபடவில்லை. வேறு வேலை கிடைக்க வேண்டும் என்றுதான் அந்தப் பெண்கள் தங்கள் பிள்ளைகளைப் படிக்க அனுப்புகிறார்கள்.

எச்சரிக்கைப் படத்துக்கும் நன்றி சொல்ல வேண்டும். 2016 ஏப்ரல் முதல் பெட்டியின் இரு பக்கமும் 85 சதவீத இடத்தில் அழுகிய வாயும் ஓட்டை விழுந்த தொண்டையும். மனுதாரர் அதை அபூர்வமாகத்தான் பார்க்கிறார். அவர் வாங்குவது ஒன்று, கையில் காசிருந்தால் இரண்டு. பெட்டி கடைக்காரரிடமே இருக்கும். காலியானதும் அதன் அட்டையை நீள நீளமாகக் கிழித்துச் சின்ன விளக்குக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் செருகி வைப்பது பல பெட்டிக்கடைகளில் பழைய வழக்கம். வாங்கியவர் ஒரு துண்டை உருவி, விளக்கில் காட்டி, சிகரெட்டைப் பற்றவைத்துக்கொள்வார். அமைச்சகம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த புற்றுநோய்ப் படம் அங்கே தீக்குச்சி வேலை பார்க்கிறது. சில்லறை விற்பனையை நிறுத்தவும், வாங்கும் வயதை 18இலிருந்து 21 ஆக்கவும் 2020 கடைசியில் ஒரு திருத்த மசோதா வரைவு தயாரானது, கருத்தும் கேட்டார்கள். மசோதா சட்டமாகவில்லை. அந்தக் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று தெரிவித்தால், ஒரு நினைவூட்டல் கடிதம் எழுத மனுதாரர் தயார்.

கடைசி ஐயம் ஆயுள் காப்பீடு பற்றியது. எல்.ஐ.சி.யின் சில டேர்ம் திட்டங்களில் புகைப்பிடிக்காதவருக்குப் பிரீமியம் குறைவு. அந்தச் சலுகை வேண்டுமென்றால் சிறுநீரில் கோடினின் இருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பார்கள். நிக்கோட்டின் உடம்புக்குள் போனால் அது காட்டிக்கொடுத்துவிடும். நல்ல ஏற்பாடு. இதே எல்.ஐ.சி., 2022இல் பங்கு வெளியிட்ட பிறகும் 96.5 சதவீதம் அரசின் கையில் இருக்கும் எல்.ஐ.சி., நாட்டின் மிகப் பெரிய சிகரெட் நிறுவனமான ஐ.டி.சி.யில் ஏறத்தாழ 15 சதவீதப் பங்கை வைத்திருக்கிறது. பழைய யூ.டி.ஐ.யின் சொத்துகளைப் பார்த்துக்கொள்ளும் அரசு அமைப்பிடம் இன்னும் 7 சதவீதத்துக்கு மேல். இது முறையா என்று 2017இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கே போட்டார்கள். புகைத்தால் சீக்கிரம் சாவான் என்று கூடுதல் பிரீமியம். புகைப்பதால் வரும் லாபத்தில் ஈவுத்தொகை.

ஆகவே அந்தப் பங்குகளை விற்றுவிடுமாறு மனுதாரர் பணிவுடன் வேண்டுகிறார். தடை வேண்டாம், கூட்டு வேண்டாம், அவ்வளவுதான். விற்க மனமில்லையென்றால், அவரிடம் எடுக்கும் கோடினின் சோதனையை எல்.ஐ.சி.யின் முதலீட்டுப் பட்டியலுக்கும் ஒரு முறை எடுத்துப் பார்த்து, வருகிற முடிவுக்கு ஏற்பக் கூடுதல் பிரீமியத்தை அரசிடமும் வசூலிக்கக் கேட்டுக்கொள்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்