இனிமேல் மேடே இல்லை!

இங்கிலாந்தில் ஸர்ரே ஜில்லாவின் கிராமப் பாதைகளிலே, மார்கழி தை மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலையில், நல்ல புத்தியுள்ளவர்கள் எல்லோரும் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும் வேளையில், மூக்குச் சிவந்து மூச்சுப் புகைந்து, பத்துப் பன்னிரண்டு பேர் ஜோடி ஜோடியாகச் சைக்கிள் மிதித்துப் போவதைக் காணலாம். அவர்களில் எவர் முகத்தில் ஆனந்தம் தாண்டவமாடுகிறதோ அவரே அந்தச் சைக்கிள் கழகத்தின் காப்டன். மற்ற முகங்களில் தெரிவது பச்சாத்தாபம்.

காப்டன் பதவி நேற்று முளைத்ததன்று. சைக்கிள் பிரயாணிகளின் பெரிய சங்கம் ஹாரோகேட் நகரில் 1878-இல் தோன்றிய காலத்திலேயே, ஊருக்கு ஊர் இருந்த சைக்கிள் கழகங்களில் காப்டன் முன்னே செல்வார். அவர் கட்டளையைக் கொம்பூதி அறிவிக்க ஓர் ஆளும் உடன் செல்வதுண்டு. கொம்பு காலப்போக்கில் மறைந்துவிட்டது. நம் காப்டனின் தொண்டை அந்த ஸ்தானத்தைக் குறைவின்றி நிரப்பி வருகிறது. “பள்ளம்!”, “பின்னால் கார்!” என்று அவர் முழங்கினால், வேலிக்கு அப்பால் மேயும் ஆடுகள்கூட ஒதுங்கி நிற்கும்.

உண்மையே பேசும் சுபாவமுடைய இம்மனிதர், இரண்டு விஷயங்களில் மட்டும் சத்தியத்திலிருந்து விலகுவார்: ஒன்று தூரம், மற்றொன்று மேடு. ரிப்ளி கிராமத்தில் புறப்படும்போது, “இன்றைக்கு முப்பது மைல்தான், எல்லாம் சமதரை” என்பார். பதினைந்தாவது மைலில், லீத் ஹில் என்னும் 294 மீட்டர் உயரமுள்ள குன்று எதிரே நிற்கும். “இது மேடு அல்ல, சின்ன ஏற்றம், இதைத் தாண்டிவிட்டால் இனிமேல் மேடே இல்லை” என்று அவர் கூறும்போது, அந்தக் குரலிலுள்ள நம்பிக்கையைக் கேட்டு, அதே வாக்கியத்தைப் போன வாரமும் கேட்டவர்கள்கூட ஒரு கணம் நம்பிவிடுகிறார்கள்.

குளிரைப் பற்றி அவரிடம் முறையிடுவது வீண். தெர்மாமீட்டர் 5 டிகிரி காட்டும்போது, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றை வாங்கிக்கொண்டு போகிறவனுக்கு அது ஏறக்குறைய பூஜ்யமாகவே உறைக்கும் என்பது விஞ்ஞானம். “மிதித்தால் உஷ்ணம் தானே வரும்” என்பது காப்டனின் வேதாந்தம். அவர் சகிக்காத மகாபாதகம் ஒன்றே ஒன்று: மட்கார்டு இல்லாத சைக்கிள். தன் பின்சக்கரத்துச் சேற்றைப் பிறர் முகத்தில் இறைப்பவனுக்கு, வரிசையின் கடைசியில் தன்னந்தனியாக வரும் தண்டனையை, அவன் கழகத்தின் பொருளாளராக இருந்தாலும், தயங்காமல் விதிப்பார்.

குடியானவர்கள் வேலி கத்தரிக்கும் பருவமும் குளிர்காலமே ஆகையால், பாதையெல்லாம் முள் சிதறிக் கிடக்கும், பஞ்சர் நிச்சயம். அகப்பட்ட ஆசாமி, மரத்துப்போன விரல்களால் டயரைக் கழற்ற முடியாமல் தவிக்கையில், மற்றவர்கள் சுற்றி நின்று உபதேசம் செய்வார்கள். காப்டனோ சரித்திரப் பிரசங்கம் தொடங்குவார்: பெல்பாஸ்டில் மிருக வைத்தியராயிருந்த டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காகக் காற்று டயரைச் செய்து பார்த்து, 1888-இல் அதற்கு உரிமைப் பத்திரமும் பெற்ற கதை. அந்த டன்லப் மாட்டு வைத்தியத்தோடு நின்றிருக்கலாகாதா என்று கேட்பவனின் உள்ளம் ஏங்கும்.

பிறகு வருவது தேநீர்க் கடை. ஈரக் கையுறைகளெல்லாம் அடுப்பங்கரை ஓரத்தில் ஆவி விட, வாட்டிய ரொட்டிமேல் சுடச்சுடக் கொட்டிய பீன்ஸும் பெரிய கோப்பைத் தேநீரும் வந்ததும், மோட்சம் இதுவே என்று எல்லோருக்கும் ஞானம் பிறக்கும் சமயம் பார்த்து, காப்டன் கடிகாரத்தை நோக்குவார். வியர்வை ஊறிய சட்டையோடு மீண்டும் வெளியே வந்து நிற்கும் அந்த முதல் ஐந்து நிமிஷத்தில், காப்டனின் எதிர்காலம் குறித்து அநேகர் மனத்தில் எழும் எண்ணங்களை அச்சிடுவது நாகரிகமன்று.

ஆயினும் நியாயத்தைச் சொல்லத்தான் வேண்டும். மார்கழித் தொடக்கத்தில் பிற்பகல் 4 மணிக்கு முன்பே சூரியன் அஸ்தமித்துவிடும் அந்தத் தேசத்தில், கால் ஓய்ந்து கடைசியாய்த் திணறி வருகிற புதியவனுக்கு முன்னே போய், அவன்மேல் படவேண்டிய காற்றையெல்லாம் தம் மார்பிலேயே தடுத்து, “இனிமேல் மேடே இல்லை” என்று மேட்டுக்கு மேடு சொல்லிச் சொல்லி வீடு சேர்ப்பவரும் இதே காப்டன்தான். எவரையும் அவர் வழியில் விட்டு வந்ததில்லை. இத்தகைய காப்டன் உங்களுக்கு வாய்த்தால், அவர் சொல்லும் தூரத்தோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். அவர் குணத்திலிருந்து எதையும் கழித்துவிடாதீர்கள்.